வெண்பனிப் போர்வையின் கீழே



வெண்பனியை நம்மிற் பலர் படங்களிற் கண்டிருக்கிறோமேயன்றி, அதன்மேல் நடந்தறியோம். நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் தை மாதத்து விடியற்காலையிற் புல்நுனிகளில் உறைபனி படிவதைக் கண்டவர்கள் சிலர் இருக்கலாம். அதுவோ வெயில் ஏறியதும் மறைந்துபோகும். வடதுருவத்தை அடுத்த நாடுகளில் நிலைமை வேறு. அங்கே ஐப்பசியில் விழும் பனி, வைகாசி வரையும் நிலத்தை மூடிக்கிடக்கும். ஏரிகள் கல்லாய் இறுகும். வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே முப்பது, நாற்பது பாகையைக் காட்டும். அத்தகைய நிலத்தில், உள்ளங்கையில் அடங்கத்தக்க ஒரு சிற்றெலி, உறங்கிக் கிடவாமலும் தெற்கே ஓடாமலும் எவ்வாறு குளிர்காலத்தைக் கழிக்கின்றது? கடுங்குளிர் வந்த ஆண்டுகளில் அவ்வெலியினம் அழிந்துபோவதில்லையா?

கேள்வி எளிது, விடையும் எளிதென்றே எவருக்கும் தோன்றும். குளிர் மிகுந்தால் எலி குறையும், குளிர் தணிந்தால் எலி பெருகும் என்று நாம் சொல்லிவிடுவோம். ஆயினும் மனிதன் இந்த விடையைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் சென்றன. சோதித்தபோது, விடை பெரும்பாலும் தலைகீழாக இருக்கக் கண்டான். அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

நோர்வே, சுவீடன் ஆகிய நாடுகளின் மலைப்பகுதிகளில் லெமிங் என்னும் ஒருவகை எலி வாழ்கின்றது. கொழுத்த உடல், கட்டை வால், கருமையும் மஞ்சளும் கலந்த மென்மயிர் ஆகியன அதன் அடையாளங்கள். பல ஆண்டுகள் கண்ணிற் படாமலே இருக்கும் இப்பிராணி, திடீரென ஓர் ஆண்டில் மலைச்சாரலெங்கும் நிறைந்து, பள்ளத்தாக்குகளிலே புகுந்து, வயல்களையும் வீதிகளையும் நிரப்பிவிடும். நேற்று இல்லாதது இன்று ஆயிரமாயிரமாக எங்கிருந்து வந்தது? அந்நாட்டு மக்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தனர். புயலும் மழையும் கலந்த நாட்களில் எலிகள் முகில்களிலிருந்து விழுகின்றன என்று நம்பினர்.

இந்த நம்பிக்கையை நூலில் ஏற்றி ஐரோப்பா எங்கும் பரப்பியவர்களுள் ஒருவர் ஒலாவுஸ் மக்னுஸ் என்னும் சுவீடன் நாட்டுக் குருவாவர். சமயப் பிணக்கினால் தாய்நாட்டைத் துறந்து உரோமாபுரியில் வாழ்ந்த இவர், வடநாட்டு மக்களின் வரலாறு என்ற பெருநூலை 1555ஆம் ஆண்டில் வெளியிட்டார். எலிகள் முகிலிலிருந்து நிலத்தில் விழுங் காட்சி அந்நூலிற் படமாகவே பொறிக்கப்பட்டுள்ளது. அவரைப் பொய்யர் என்று நாம் எள்ளுதல் தகாது. கண்டதைத்தான் அவரும் அவருக்குச் சொன்னவர்களும் கூறினர். காணாத இடத்தைக் கற்பனையால் நிரப்பினர். அந்தக் காணாத இடம் எது என்பதே நமது கதையின் உயிர்நிலை.

ஒரு நூற்றாண்டு கழிந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டென்மார்க் நாட்டு மருத்துவரான ஓலே வோர்ம் என்பவர் ஒரு லெமிங்கை வெட்டிச் சோதித்தார். அதன் உள்ளுறுப்புக்கள் ஏனைய எலிகளின் உறுப்புக்களைப் போன்றே அமைந்திருப்பதைக் காட்டினார். ஆகவே இது முகிலிற் பிறந்த பிராணியன்று. தாய் வயிற்றிற் பிறந்ததே என்பது தெளிவாயிற்று. எனினும் வானத்திலிருந்து விழும் என்ற கதையை அவராலும் முற்றாகக் கைவிட முடியவில்லை. பெருங்காற்று அவற்றை மலையிலிருந்து வாரிக்கொண்டு வந்து போட்டிருத்தல் கூடும் என்று சமாதானங் கூறினார். பிறப்பின் மர்மம் நீங்கிற்று. பெருக்கத்தின் மர்மம் நீங்கவில்லை.

இனி 20ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். 1921ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக் குழுவொன்று வடதுருவக் கடலிலுள்ள ஸ்பிற்ஸ்பேகன் தீவுக்குச் சென்றது. அதிற் சென்றவர்களுள் ஒருவர் இருபத்தொரு வயது மாணவரான சார்ள்ஸ் எல்ற்றன். 1923இல் அவர் மறுமுறையும் அத்தீவுக்குச் சென்று திரும்பும் வழியில், நோர்வேயின் வடகோடியிலுள்ள துறொம்சோ நகரத்துப் புத்தகசாலையொன்றில் நுழைந்தார். அங்கே றொபேட் கொலெற் என்ற நோர்வே அறிஞர் அந்நாட்டு முலையூட்டிகளைப் பற்றி எழுதிய நூலொன்று கண்ணிற் பட்டது. எல்ற்றனுக்கு நோர்வே மொழி தெரியாது. ஆயினும் லெமிங் பெருகிய ஆண்டுகளின் அட்டவணையை அந்நூலிற் கண்டதும், கையில் எஞ்சியிருந்த சிறு தொகையைக் கொடுத்து அதனை வாங்கினார். ஒக்ஸ்போர்ட்டுக்குத் திரும்பி, அகராதியின் துணையோடு எழுத்தெழுத்தாகப் படித்தார்.

அந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தோன்றிற்று. ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை லெமிங் பெருகுகின்றது, பெருகிய பின் அடியோடு வீழ்கின்றது, மீண்டும் பெருகுகின்றது. 1924ஆம் ஆண்டில் இதனை அவர் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார். இயற்கை எப்போதும் சமநிலையில் நிற்கும் என்றிருந்த பழங்கொள்கையை அக்கட்டுரை அசைத்தது. பிராணிகளின் தொகை கடலலை போல ஏறி இறங்குவது என்பதை அது எடுத்துக்காட்டிற்று.

1925 முதல் ஆறு ஆண்டுகள் எல்ற்றன் ஹட்சன் விரிகுடாக் கம்பனிக்கு ஆலோசகராக விளங்கினார். 1670இல் நிறுவப்பட்ட அந்த வர்த்தகக் கம்பனி, கனடாவில் வேடரிடமிருந்து வாங்கிய தோல்களின் கணக்கைப் பேணி வந்தது. வணிகர் இலாபத்துக்காக எழுதிவைத்த கணக்கு, விஞ்ஞானிக்கு வரலாற்றுச் சுவடியாயிற்று. துருவ நரித் தோல்களின் தொகை நான்கு ஆண்டுகளுக்கொருமுறை ஏறி இறங்கிற்று. அந்நரிக்கு உணவு லெமிங் அன்றோ? எலி பெருகினால் நரி பெருகும். எலி வீழ்ந்தால் நரி வீழும். இவ்வாறு ஓர் எலியின் வாழ்வு ஒரு வேடனின் அடுப்பு வரையும் நீண்டது. 1932இல் எல்ற்றன் ஒக்ஸ்போர்ட்டில் விலங்குக் குடித்தொகை ஆராய்ச்சிக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1942இல் எலிகளையும் லெமிங்குகளையும் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. வானொலிக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 1957இல் அவர் பி.பி.சி.யில் நிகழ்த்திய மூன்று பேச்சுக்களே, அந்நியப் பிராணிகளின் படையெடுப்புப் பற்றி மறு ஆண்டில் வெளியான புகழ்பெற்ற நூலுக்கு அடிப்படையாயின.

ஆனால் இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் யாது? எல்ற்றன் முதலிற் காலநிலையையே காரணமாகக் கருதினார். சூரியனிற் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதோடு அதனை இணைத்தும் பார்த்தார். பின்னர் அக்கருத்தைத் தாமே கைவிட்டார். இரை தின்னிகள், உணவுக் குறைவு, நோய், நெருக்கடி என்று காரணங்கள் பல பின்னர் ஆராயப்பட்டன. இவ்வளவுக்கும் நடுவில், ஆண்டிற் பெரும்பகுதியை அவ்வெலி எங்கே கழிக்கின்றது என்ற கேள்வியைச் சிலரே கேட்டனர். அது கழிக்கும் இடம் வெண்பனியின் கீழ்.

இக்கேள்வியை ஆழமாகக் கேட்டவர் ரஷ்ய நாட்டு விலங்கியலறிஞர் அலெக்சாண்டர் போர்மசோவ். வெண்பனியும் விலங்குகளின் வாழ்வும் பற்றி அவர் எழுதிய நூல் 1946இல் மொஸ்கோவில் வெளிவந்தது. பனியை வெறுங் குளிராக நோக்காது, நீரைப்போலவும் மண்ணைப்போலவும் உயிர்கள் வாழும் ஒரு சூழலாக அவர் நோக்கினார். பனியைத் தாங்க முடியாதவை, பனியைச் சகித்து வாழ்பவை, பனிக்கென்றே அமைந்தவை என விலங்குகளை மூவகைப்படுத்தினார். நீண்ட கால்களையுடைய மானுக்கு ஆழ்ந்த பனி பகை. குறுகிய கால்களையுடைய எலிக்கு அதுவே அரண்.

இந்த அரண் எவ்வாறு அமைகின்றது என்பதைப் பார்ப்போம். புதிதாக விழுந்த பனியிற் பெரும்பகுதி காற்றேயாகும். பஞ்சு மெத்தை எவ்வாறு சூட்டை வெளியே விடாது காக்கின்றதோ, அவ்வாறே பனியும் காக்கின்றது. கோடையில் நிலம் பெற்ற வெப்பம் மெல்ல மெல்ல மேலெழுகின்றது. பனிப்போர்வை அதனைத் தடுத்து நிறுத்துகின்றது. பனி எட்டு அங்குலம் அளவு தடித்துவிட்டால், மேலே பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை குளிர் அடித்தாலும், கீழே நிலத்தருகில் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியே நிற்கக்கூடும். அதுமட்டுமன்று. நிலத்திலிருந்து எழும் ஈரம் பனியின் அடித்தளத்தை அரித்து, பளிங்குத் தூண்கள் போன்ற பருமணிகளாக மாற்றுகின்றது. அத்தூண்களுக்கிடையே எலி நடமாடத்தக்க ஓர் இடைவெளி உண்டாகின்றது. அங்கே காற்றில்லை, கடுங்குளிரில்லை, பருந்தின் கண்ணும் எட்டாது. புல்லும் பாசியும் காலடியிலேயே இருக்கின்றன. புல்லினாற் பந்துபோன்ற கூடு கட்டி, அந்த இருளிலேயே லெமிங் குட்டியும் ஈனுகின்றது. மூன்று கிழமைக்குள் ஒரு சூல் முடிந்து, குட்டிகளும் விரைவில் தாயாகும் இனத்துக்கு, நீண்ட பனிக்காலம் ஒன்று வாய்த்தால் எத்தனை தலைமுறை தோன்றும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒலாவுஸ் மக்னுஸின் புதிர் இங்கே அவிழ்கின்றது. எலிகள் வானத்திலிருந்து விழவில்லை. மனிதர் அடுப்பங்கரையிற் குளிர்காய்ந்திருந்த மாதங்களில், அவர்களது காலடியின் கீழேயே பெருகிக்கொண்டிருந்தன. இளவேனிலிற் பனி உருகியதும் ஒருங்கே வெளிப்பட்டன.

பனியின் அடியிலுள்ள பருமணிப் படைக்கு அறிவியலாளர் இன்று வழங்கும் பெயர்களில் ஒன்று புக்காக் என்பது. அது வட அலாஸ்காவின் பழங்குடி மக்களுடைய சொல். அதனை விஞ்ஞானிகளிடையே பரப்பியவர் வில்லியம் புறூயிற் என்ற அமெரிக்க விலங்கியலறிஞர். நிலத்திற் கிடக்கும் பனிக்கு ஒரு சொல், மரக்கிளையில் தங்கும் பனிக்கு வேறொரு சொல் என அம்மக்கள் பகுத்து வைத்திருந்தனர். பனியோடு வாழ்ந்தவர்களிடம் முன்னமே இருந்த அறிவை அவர் மதித்துக் கற்றார். 1958இல் அலாஸ்காக் கரையில் அணுகுண்டுகளை வெடித்துத் துறைமுகம் தோண்டுவதற்கு ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அதனால் விளையக்கூடிய தீங்கை எடுத்துரைத்தமையாற் புறூயிற் தமது பதவியை இழந்து, ஈற்றிற் கனடாவிற் குடியேறினார். அத்திட்டம் கைவிடப்பட்டது. 1993இல் அலாஸ்காப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கிற்று.

பனியின் கீழ் வாழ்வு முற்றும் இன்பமயமானது என்று நான் கூறவில்லை. வீசல் என்னும் சிற்றூனுண்ணி, கீரியைப்போல நீண்ட மெல்லுடலோடு சுரங்கங்களிற் புகுந்து எலிகளை அவற்றின் கூட்டிலேயே கொல்கின்றது. பெருஞ் சாம்பல் ஆந்தை பனிக்குக் கீழே எழும் அரவத்தைக் கேட்டே பாய்ந்து இரையைப் பற்றுகின்றது. உணவும் குறைவு. இக்குறைவுக்கு ஈடாக இயற்கை செய்த ஓர் ஏற்பாடு வியக்கத்தக்கது. போலந்து நாட்டு விலங்கியலறிஞர் ஒகுஸ்ற் டெனெல் என்பவர் 1949இல் மூஞ்சூறுகளைப் பற்றி ஓர் உண்மையை வெளியிட்டார். பிள்ளையாரின் வாகனமாக நாம் அறிந்த மூஞ்சூற்றின் இனத்தைச் சேர்ந்த, பத்துக் கிராம் நிறையும் இல்லாத சிறு பிராணி அது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை உண்ணாவிடின் இறந்துவிடும். குளிர்காலம் நெருங்க அதன் உடல் மாத்திரமன்றி, மண்டையோடும் சிறுக்கின்றது. இளவேனிலில் மீண்டும் வளர்கின்றது. நெடுங்காலம் பலர் இதனை ஐயுற்றனர். சிறியவை பிழைத்துப் பெரியவை இறப்பதனால் அவ்வாறு தோன்றுகின்றது போலும் என்றனர். 2017இல் ஜெர்மனியில் ஒரே மூஞ்சூறுகளை மீண்டும் மீண்டும் பிடித்து எக்ஸ்-கதிர்ப்படம் எடுத்தபோது, மண்டையோடு சராசரி 15 வீதம் சிறுத்து, பின்னர் 9 வீதம் வளர்வது உறுதியாயிற்று. வீடு சிறிதானால் விறகுச் செலவும் குறையும் என்பது போன்ற சிக்கனம் இது.

இத்தகைய ஏற்பாடு இல்லாத பிராணிக்குக் கடுங்குளிர் என்ன செய்யும்? இங்கிலாந்து அதற்குச் சாட்சி. தென்னமெரிக்காவின் சதுப்பு நிலங்களுக்குரிய கோய்ப்பு என்ற கொறிவிலங்கை, தோலுக்காக 1929இல் அங்கே கொண்டுவந்து வளர்த்தனர். அது எலியிலும் மிகப் பெரியது. தப்பியோடியவை கிழக்கிங்கிலாந்தின் நீர்நிலைகளிற் பெருகிப் பயிரையும் கரைகளையும் பாழாக்கின. 1962ஆம் ஆண்டின் முடிவில், 1740க்குப் பின்னர் அங்கு காணாத கடுங் குளிர்காலம் தொடங்கிற்று. 1963 ஜனவரி மாதத்துச் சராசரி வெப்பநிலையே பூச்சியத்துக்குக் கீழே இரண்டு பாகையாயிற்று. நீர்நிலைகள் உறைந்தன, கோய்ப்புக்களிற் பெரும்பகுதி மடிந்தது. வடநாட்டு மூஞ்சூறு எட்டு மாதம் சகிக்கும் குளிரை, அதனினும் பன்னூறு மடங்கு நிறையுள்ள அந்நியப் பிராணியால் மூன்று மாதமேனும் சகிக்க முடியவில்லை. உடலின் வலிமையன்று, நிலத்தோடு கொண்ட நெடுநாட் பழக்கமே காக்கின்றது. ஆயினும் எஞ்சியவை மீண்டும் பெருகின. மனிதர் முனைந்து வேட்டையாடி 1989இலேயே அவ்வினத்தை அந்நாட்டிலிருந்து ஒழித்தனர். குளிர் ஓர் இனத்தைக் குறைத்தது, வேரறுக்கவில்லை.

பழங்கதைகள் பழையவர்க்கே உரியன என்று எண்ணவேண்டாம். லெமிங்குகள் கூட்டங் கூட்டமாகச் சென்று கடலில் விழுந்து தற்கொலை செய்கின்றன என்பது நம் காலத்துக் கதை. 1958இல் வெளியாகி, மறு ஆண்டில் ஒஸ்கார் விருதும் பெற்ற அமெரிக்க விவரணத் திரைப்படமொன்று அக்காட்சியைக் காட்டிற்று. அக்காட்சி லெமிங் இயல்பாக வாழாத அல்பேர்ட்டா மாகாணத்தில், விலைக்கு வாங்கிய லெமிங்குகளைக் கொண்டு புனையப்பட்டது என்பதைக் கனடா ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1982இல் வெளிப்படுத்தியது. நெருக்கடியினால் இடம்பெயரும் லெமிங்குகள் ஆறுகளிலும் ஏரிகளிலும் நீந்த முயன்று இறப்பதுண்டு, இறப்பதற்கென்று செல்வதில்லை. முகிலிலிருந்து விழுந்த எலிக்கும், கடலிலே குதித்த எலிக்கும் அதிக வேறுபாடில்லை. ஒன்று அறியாமையாற் பிறந்தது. மற்றது புகைப்படக் கருவியின் துணையோடு பிறந்தது.

அப்படியாயின் லெமிங்குக்கு உண்மையிற் கொடிய குளிர்காலம் எது? இதுவே இன்றைய ஆராய்ச்சியின் நடுக்கேள்வி. பனி விழுமுன்னரே நிலம் இறுகும் இலையுதிர்காலம் கொடியது. அதனினும் கொடியது, நடுக் குளிர்காலத்தில் வெப்பம் ஏறி, பனியின்மேல் மழை பெய்வது. மழைநீர் பனியினூடே வடிந்து நிலத்தை அடைந்து உறைகின்றது. புக்காக் இருந்த இடத்திற் பனிக்கட்டி நிற்கின்றது. புல்லும் பாசியும் கண்ணாடிக்குள் அடைபட்டவைபோல ஆகின்றன. நமக்கு இதமாகத் தோன்றும் குளிர்காலமே எலிக்குக் கூற்றுவன் ஆகின்றது.

நோர்வேயின் பின்சே என்னும் மலையூரில் 1970 முதல் எலிகளின் கணக்கு எடுக்கப்பட்டு வந்தது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கொருமுறை வந்த பெருக்கம், 1994க்குப் பின்னர் அக்கணக்கிற் காணப்படவில்லை. பனியின் தன்மை மாறியதே காரணம் என 2008இல் வெளியான ஆராய்ச்சியொன்று எடுத்துக்காட்டிற்று. கிழக்குக் கிறீன்லாந்திலும் 2000ஆம் ஆண்டளவில் லெமிங்குகளின் ஏற்ற இறக்கம் ஓய்ந்தது. அவற்றையே நம்பிய வெண்பனி ஆந்தைகள் அங்கே குஞ்சு பொரித்தல் அருகிற்று. எல்லாம் முடிந்தது என்று கூறுவதும் பொருந்தாது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் ஸ்கண்டிநேவியாவின் வடபகுதிகளில் லெமிங் மீண்டும் பெருகிற்று. ஆயினும் முன்னர் அலைபோல் ஒழுங்காக வந்தது, இப்போது தப்பித் தப்பி வருகின்றது.

எல்ற்றன் முதன்முதலிற் சென்ற ஸ்பிற்ஸ்பேகன் தீவையும் மறவாதிருப்போம். அங்கே லெமிங் இல்லை. ஆயினும் ரஷ்யர்களின் நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பொன்றைச் சூழ, கால்நடைத் தீவனத்தோடு வந்ததெனக் கருதப்படும் ஒருவகை வயலெலி குடியேறியுள்ளது. அதனைத் தேடித் திரியும் வீசல் அங்கில்லை. எனவே, காலநிலை மட்டும் எலியை என்ன செய்யும் என்பதை அறிய அத்தீவு ஓர் இயற்கைச் சோதனைச்சாலையாயிற்று. பனிமேல் மழை பெய்த குளிர்காலங்களின் பின்னர் அவ்வெலியும், கலைமானும், அத்தீவுப் பறவையான வெண்கௌதாரியும் ஒருங்கே குறைந்தன என்பதை 2013இல் நோர்வே அறிஞர் காட்டினர். மாண்ட மான்களின் பிணத்தைத் தின்ற துருவ நரி, அடுத்த ஆண்டில் உணவின்றி வாடிற்று. 1924இல் எல்ற்றன் தேடிய காலநிலைக் காரணத்தின் ஒரு கூறு, அவர் காலடி பட்ட தீவிலேயே கண்டெடுக்கப்பட்டது.

நேயர்களே, இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கொடுமை என்பதும் இதம் என்பதும் அவரவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தன. பனிக்கு மேலே நிற்பவன் கொடுமை என்று கண்டதை, பனிக்குக் கீழே வாழ்ந்தது போர்வையெனக் கொண்டது. மேலே நிற்பவன் நல்ல காலம் என்று மகிழ்ந்தபோது, கீழே வாழ்ந்ததன் கூரை இடிந்தது. மழை தப்பினால் நம் உழவன் வானத்தைப் பார்ப்பதுபோல, பனி தப்பினால் வாடும் உயிர்களும் உலகில் உண்டு. அவை பேசமாட்டா. பழைய கணக்கேடுகளும், பொறுமையோடு ஆண்டுதோறும் எண்ணியவர்களின் குறிப்புக்களுமே அவற்றின் சார்பிற் பேசுகின்றன. அக்குறிப்புக்கள் இல்லையாயின், லெமிங் வாராத ஆண்டுகளை எவரும் கவனித்திருக்கமாட்டார்கள். வந்ததைக் கண்டு வியப்பது எவர்க்கும் இயலும். வாராததைக் கண்டு வருந்துவதற்கு, முன்னர் எண்ணி வைத்த ஒருவர் வேண்டும்.